பாரம் ஏற்றுதலும் பாரம் கட்டுதலும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதி, திவான் ராஜா கேசவதாசரின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பட்டது. அன்றும் இன்றும் அந்தக் கடைவீதி கிழக்கிலிருந்து வரும் சரக்கை எதிர்பார்த்தே கதவு திறக்கிறது. அன்று மாட்டு வண்டியில் வந்தது. இன்று லாரியில் வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நாகர்கோவில், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வருவது ஒரு பாதை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயில் ஏறி, தென்மலை, பாலோடு, நெடுமங்காடு வழியாக இறங்குவது மற்றொரு பாதை. காய்கறி, நாமக்கல் முட்டை, அரிசி, கருங்கல், இரும்புக் கம்பி, இயந்திரம் என்று இவ்விரு பாதைகளிலும் இரவு பகலாகப் பாரம் இறங்கிக்கொண்டேயிருக்கிறது.

இந்த லாரிகளின் ஓட்டுநர் ஆசனத்தில் பெரும்பாலும் தமிழர்களே அமர்ந்திருக்கின்றனர். இங்கு மட்டுமா? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகளை மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் காணாத நாளில்லை. பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவரில் லாரி ஓட்டுவோர் உண்டு. சரக்கு பதிவு செய்யும் அலுவலகத்தில் கணக்கெழுதுவோர் உண்டு. கிடங்கில் பாரம் ஏற்றுவோர் உண்டு. இத்தொழிலில் யாதொரு தொடர்பும் இல்லாதவரும், பாரம் ஏற்றிய லாரியின் பின்னே ஸ்கூட்டரில் தினந்தோறும் சென்றுவருகின்றனர். ஆகவே இன்று நாம் பேசவிருக்கும் விஷயம் ஏதோ ஒரு தொழிலாரின் தனி விஷயம் அன்று.

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் பகுதியில், முக்கோலை என்னுமிடத்தில் ஒரு காலை வேளையில் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். துறைமுகப் பணிக்காகக் கருங்கல் ஏற்றிச் சென்ற டிப்பர் லாரி ஒன்றிலிருந்து ஒரு கல் சாலையில் விழுந்தது. ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஒரு மாணவர் மீது அது பட்டது. அவர் உயிரிழந்தார். இரு வண்டிகள் மோதிக்கொள்ளவில்லை. அந்த மாணவர் யாதொரு விதியையும் மீறியதாகக் கூறுவாருமில்லை. லாரியோடு செல்ல வேண்டிய ஒரு கல், லாரியை விட்டு நீங்கியது, அவ்வளவே. அதன் பின்னர் ஊரில் கூட்டங்களும் போராட்டங்களும் நிகழ்ந்தன. ஆயினும் அந்தக் கேள்வி இன்னமும் நம்முன் நிற்கிறது. ஒரு பாரம் லாரியின் மேல் ஏன் நிற்கிறது? எதனால் நில்லாமற் போகிறது?

இக்கேள்விக்கு, பாரம் ஏற்றும் இடங்களில் நாம் கேட்கும் விடை ஒன்றுண்டு. “பத்து டன் கல், ஐயா! அது எங்கே அசையப்போகிறது? அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும்” என்பார்கள். இந்நம்பிக்கை மிகப் பழையது. கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றும். நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத கல், தானே எப்படி நகரும் என்று மனம் எண்ணுகிறது. ஆனால் இது பிழை. சிறு பிழையும் அன்று. கனம் ஒரு பொருளைத் தளத்தோடு அழுத்துகிறது என்பது உண்மையே. அதே கனம்தான், லாரி நிற்கும்போது நிற்க மறுத்து முன்னோக்கிப் பாய்கிறது என்பதும் உண்மை. நியூட்டன் கூறிய சடத்துவம் என்பது இதுவே: ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்க விரும்புகிறது. பிரேக்கு பிடிப்பது லாரியின் சக்கரத்தை, கல்லை அன்று. கல்லை நிறுத்துவதற்கு வேறொன்று வேண்டும். கல் இருமடங்கு கனமானால் அதனைப் பிடிக்கும் உராய்வும் இருமடங்காகும். அதனைத் தள்ளும் விசையும் இருமடங்காகும். எனவே கனத்தினால் இலாபம் ஒன்றுமில்லை. ஒரு டன் கல் வழுக்கும் நிலையில் பத்து டன் கல்லும் வழுக்கவே செய்யும்.

பாரம் கட்டுவதற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வகுத்துள்ள விதிகள் ஏறத்தாழ ஒரே கணக்கைக் கூறுகின்றன. திடீரென்று பிரேக்கு பிடிக்கும்போது, பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை அதனை முன்னே தள்ளும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் பாதியளவு விசை தள்ளும். பின்புறமாகவும் அவ்வாறே பாதி. இம்மூன்றையும் தாங்குமாறு கட்ட வேண்டும் என்பது விதி. பக்கச் சுவர்கள் இல்லாத தட்டைத் தளமுள்ள டிரெய்லர் லாரியில், இதைத் தாங்குவதற்கு நாம் அளிக்கும் கட்டுத் தவிர வேறெதுவும் இல்லை.

இதை ஓர் உதாரணத்தால் கணக்கிட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் அருகிலிருந்தால் நேயர்களும் உடன் கணக்கிடலாம். தட்டைத் தளத்தில் 10 டன் எடையுள்ள ஒரு கருங்கற் பாளம் இருக்கிறது. அதனடியில் மரக்கட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. மரத்திற்கும் இரும்புத் தளத்திற்கும் இடையே உராய்வு, எடையில் பத்தில் மூன்று பங்கு என்று கொள்வோம். ஆக, உராய்வு மட்டுமே 3 டன் விசையைத் தாங்கும். பிரேக்கு பிடித்தால் தள்ளுவதோ 8 டன். குறைவது 5 டன். இந்த 5 டன்னைக் கட்டு ஈடுசெய்ய வேண்டும்.

இப்போது கட்டுவதற்கு, பற்சக்கரக் கைப்பிடி வைத்து இறுக்கும் அகன்ற பாலியெஸ்டர் நாடாவை எடுத்துக்கொள்வோம். ராட்செட் பெல்ட் என்று கடைகளில் கேட்டு வாங்குவது இதுவே. அதன் மேல் 5 டன் என்று தைத்திருக்கும். உடனே நம் மனம் கணக்கிடுகிறது: ஐந்து டன் குறைகிறது, ஐந்து டன் நாடா ஒன்று போதும், பாதுகாப்புக்கு இரண்டு போடுவோம். இங்கேதான் தவறு நேர்கிறது. நாடாவின் மேல் எழுதியுள்ள 5 டன், அது அறாமல் தாங்கக்கூடிய பளு. நம் கை அதனை இறுக்கும்போது உண்டாகும் இழுவிசை அதுவன்று. ஒரு மனிதர் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினால், ஏறத்தாழ 300 கிலோ அளவுக்கே நாடா இறுகும். பாரத்தின் மேலே போட்டு இருபுறமும் கட்டினால், இருபுறமும் சேர்த்து 600 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். மூலைகளில் உராய்ந்து ஒரு பக்கத்து இழுவிசை குறைவதைக்கூட நாம் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த 600 கிலோவும் நேரே கல்லைப் பிடிப்பதில்லை. கல்லைத் தளத்தோடு அழுத்துகிறது, அவ்வளவே. அதில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 180 கிலோ மட்டுமே உராய்வாகக் கிடைக்கும். 5,000 கிலோவை 180ஆல் வகுத்துப் பாருங்கள். 28 நாடாக்கள் வேண்டும்! இரண்டு போட்டுவிட்டு நாம் நிம்மதியாகப் புறப்படுகிறோம்.

அவ்வாறெனில் 28 நாடா போடுவதுதான் வழியா? அன்று. அடியிலே மரத்தோடு கூட ஒரு ரப்பர் விரிப்பை, தளத்திற்கும் கட்டைக்கும் இடையிலும் கட்டைக்கும் கல்லிற்கும் இடையிலும் வைத்துவிட்டால் உராய்வு பத்தில் ஆறு பங்காக உயர்கிறது. இப்போது எடை மட்டுமே 6 டன்னைத் தாங்கும்; குறைவது 2 டன். ஒவ்வொரு நாடாவும் 360 கிலோ தரும். ஆறு நாடாக்கள் போதும். வளைவுகளில் பக்கவாட்டாகத் தள்ளும் 5 டன்னை ரப்பர் தானே தாங்கிவிடும். இருபத்தெட்டை ஆறாக்கியது விலையுயர்ந்த கருவியன்று. ஒரு ரப்பர்த் துண்டு. நெடுமங்காட்டுப் பாதையில் வரும் லாரி, இருமருங்கும் ரப்பர் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிறது. அதன் தளத்திலோ ஒரு சாண் ரப்பர் இல்லை. இதைக் காணும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது.

இதைவிட மலிவான உபாயமும் ஒன்றுண்டு, அது துடைப்பம். முன் பாரத்திலிருந்து சிந்திய மணலும் ஜல்லித் தூளும் தளத்தில் கிடந்தால், ஒவ்வொரு மணியும் ஒரு சிறு உருளையாக மாறிப் பாரத்தை நகரச் செய்யும். எண்ணெயும் மழைநீரும் அப்படியே. பாரம் ஏற்றுமுன் தளத்தைப் பெருக்கித் துடைப்பது, கட்டுவதின் முதற்படி என்றே கருத வேண்டும்.

முன்னோக்கிப் பாயும் விசைக்கு உண்மையான மருந்து கயிறன்று, முட்டுக்கட்டை. லாரியின் முன்புறத் தடுப்புச் சுவரை ஒட்டிப் பாரம் அமர்ந்திருந்தால், பிரேக்கு பிடித்தவுடன் அந்தச் சுவரே அதைத் தாங்கும். அச்சுகளின் மேல் எடை சமமாக விழ வேண்டி, பாரத்தைச் சற்றுப் பின்னே வைக்க நேர்ந்தால், இடையிலுள்ள வெளியைக் கட்டைகளால் நிரப்பி முட்டுக் கொடுக்க வேண்டும். இடைவெளி இருக்கட்டும், என்ன ஆகிவிடும் என்று நினைப்போருக்கு ஒரு கணக்கு: 1 மீட்டர் இடைவெளியில் கட்டின்றி இருக்கும் கல், பிரேக்கு பிடிக்கும்போது வழுக்கிச் சென்று முன்சுவரை அடையுங்கால், சுவரைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பத்து டன் கல், பதினோரு கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வந்து மோதுகிறது. இரும்புக் கம்பிக் கட்டுகளும் குழாய்களும் இவ்வாறு முன்சுவரைத் துளைத்து ஓட்டுநர் அறைக்குள் பாய்ந்த கொடுமைகள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன.

வளைவுகளைப் பற்றியும் கூற வேண்டும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமதள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பாரத்தின் எடையில் கால் பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும். மரக்கட்டையின் உராய்வு பத்தில் மூன்று பங்கு என்றோமல்லவா? கல் மயிரிழையில் தப்பி நின்றுவிடும். அதே வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் விசை இரண்டேகால் மடங்காகி, எடையில் பாதிக்கு மேற்பட்டுவிடும். வேகம் ஒன்றரை மடங்கே கூடியது. விசையோ அதன் வர்க்கத்தில் கூடியது. “நேற்றும் இதே வளைவில்தான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற பேச்சின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? நேற்று மயிரிழையில் நின்றது. அதை யாரும் அறியவில்லை.

பள்ளங்கள் வேறு கதை. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்பும் கணத்தில் பாரம் தளத்தை விட்டு இலேசாக மேலெழும்புகிறது. அக்கணத்தில் அழுத்தமில்லை, அழுத்தமில்லாத இடத்தில் உராய்வும் இல்லை. கட்டப்படாத பாரம், சமதளத்தில் நின்றாலும் இத்தகைய கணங்களில் விரலளவு விரலளவாக நகர்ந்துகொண்டே போகும். டிப்பர் லாரியில் பக்கப் பலகைக்கு மேலே கோபுரமாகக் குவித்த கற்களின் நிலை இன்னும் மோசம். உச்சியிலுள்ள கல்லை அண்டைக் கல்லைத் தவிர வேறெதுவும் பிடித்திருக்கவில்லை. மேலே ஒரு தார்ப்பாய் போர்த்திவிட்டால் போதும் என்பது வீண் ஆறுதல். தார்ப்பாய் மழைக்கும் தூசிக்கும் ஏற்பட்டது, சிறு ஜல்லி தெறிப்பதைத் தடுக்கும், பாறாங்கல்லைத் தடுக்காது. பெருங்கற்களைப் பக்கப் பலகையின் உயரத்திற்குக் கீழே ஏற்றுவது ஒன்றே வழி. அவ்வாறு ஏற்றினால் ஒரு நாளைக்கு ஒரு நடை கூடுதலாகும். டீசல் செலவு கூடும். மறுப்பதற்கில்லை. அந்தச் செலவை மிச்சப்படுத்துவதன் விலையை யாரோ ஒரு வழிப்போக்கர் கொடுக்கிறார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இனிக் கட்டுங்கருவிகளைக் கவனிப்போம். வைக்கோல் வண்டியில் பாரக் கயிற்றைப் போட்டு, ஒரு கழியைச் செருகி முறுக்கி இறுக்குவதை நம்மிற் பலர் சிறு பிராயத்தில் கண்டிருப்போம். அந்தக் கழி செய்த வேலையைத்தான் இன்று பற்சக்கரம் செய்கிறது. வைக்கோலுக்குக் கயிறு தகும், இயந்திரத்திற்குத் தகாது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும் இயல்புடையது. புறப்படும்போது இறுகியிருந்தது, ஐம்பது கிலோமீட்டரில் தொங்கிப்போகும். கயிற்றில் போடும் முடிச்சு, அதன் பலத்தைப் பாதியளவுக்குக்கூடக் குறைத்துவிடும். கருங்கல்லின் கூரிய விளிம்பில் நேராக அழுந்தும் நாடா, ஓட்டத்தில் அரம் தேய்ப்பது போலத் தேய்ந்து அறுந்துவிடும். பழைய டயர்த் துண்டு ஒன்றை மடித்து மூலையில் வைத்தால் நாடாவும் பிழைக்கும், கல்லின் விளிம்பும் உடையாமலிருக்கும்.

நாடா செல்லும் கோணமும் முக்கியம். உயரமான பெட்டியின் மேலே போட்ட நாடா, பக்கங்களில் செங்குத்தாக இறங்கி, முழு பலத்தோடு அழுத்தும். இரும்புத் தகடுகள் போன்ற தாழ்ந்து அகன்ற பாரத்தின் மேலே போட்ட நாடாவோ படுக்கை வசமாகச் செல்கிறது. தளத்தோடு 30 பாகைக் கோணத்தில் அது சாய்ந்திருந்தால் அழுத்தம் பாதியாகிவிடும். அதற்கும் கீழே சாய்ந்தால் கட்டியது பெயரளவுக்கே. தகடுகளின் நடுவே மேற்புறத்தில் கட்டைகளை வைத்து நாடாவை உயர்த்திக் கட்டுவது இதற்குப் பரிகாரம்.

மண்வாரி இயந்திரம் போன்ற பெரும் பாரங்களுக்கு மேலே போட்டு அழுத்தும் கட்டு உதவாது. நான்கு மூலைகளிலிருந்தும் சங்கிலிகளை எதிரெதிர்த் திசையில் இழுத்துத் தளத்தின் கொக்கிகளில் பூட்ட வேண்டும். முன்னே போக முயன்றால் பின்சங்கிலி பிடிக்கும். இடமாக நகர முயன்றால் வலச் சங்கிலி பிடிக்கும். இத்தகைய கட்டில்தான் சங்கிலியின் முழு பலமும் நமக்குக் கிட்டுகிறது. இதற்கென்றே செய்யப்படும் உயர்தர உருக்குச் சங்கிலி, 8 மில்லிமீட்டர் கனமே உள்ளதாயினும் 4 டன் இழுவிசையைத் தாங்கும். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணச் சங்கிலி பார்வைக்கு அதே போலிருக்கும். பலத்தில் அதற்கு ஈடாகாது.

முக்கோலையில் அந்தத் துயரம் நிகழ்ந்த அதே ஆண்டு ஜூலை மாதத்தில், விழிஞ்ஞம் துறைமுகத்திற்குச் ‘சான் பெர்னாண்டோ’ என்ற முதல் பெருங்கப்பல் சரக்குப் பெட்டகங்களுடன் வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெட்டகம் என்பது இரும்புப் பெட்டி மட்டுமன்று. அதன் எட்டு மூலைகளிலும் துளையிட்ட வார்ப்புகள் இருக்கின்றன. லாரியின் தளத்திலுள்ள பூட்டு, கீழ் மூலைத் துளையினுள் நுழைந்து, கால்வட்டம் திரும்பியதும் பிடித்துக்கொள்கிறது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து மால்கம் மக்லீன் என்பவர் 58 பெட்டகங்களைக் கப்பலில் அனுப்பினார். அவரிடம் பொறியியலாளராக இருந்த கீத் டான்ட்லிங்கர் இந்தப் பூட்டுக்கு உருக்கொடுத்தார். நான்கு பூட்டுகளையும் திருப்பிவிட்டால் கணக்கெல்லாம் முடிந்தது. திருப்ப மறந்தால், முப்பது டன் பெட்டகம் வளைவில் தனியே இறங்கிவிடும். அன்றியும், பூட்டு வெளியே இருக்கிறது. பெட்டகத்தினுள்ளே சரக்கைத் தளர்வாக அடுக்கியிருந்தால் அந்தப் பூட்டு அதற்கு என்ன செய்யும்?

அக்கறையோடு பாரம் கொண்டுசெல்வது நம் நாட்டில் இயலாததன்று. 1960களில் தும்பாவில், ஏவுகலத்தின் கூம்பு போன்ற முகப்புப் பகுதியைச் சைக்கிளின் பின்னே வைத்து, ஒருவர் தள்ள ஒருவர் கையால் தாங்கிச் சென்ற புகைப்படத்தை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். அங்கே கட்டு என்பது ஒரு மனிதரின் கை! அதே விண்வெளி மையத்திற்கு, எடை குறைந்த கூட்டுப்பொருட் பகுதிகளை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்யும் ஆட்டோகிளேவ் என்னும் பெருங்கலம் ஒன்று வந்தது. மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலை 8ஆம் நாள் புறப்பட்டு, 2020 ஜூலை மாதத்தில்தான் திருவனந்தபுரத்தை அடைந்தது. எடை ஏறத்தாழ 70 டன். சுமந்து வந்தது 74 சக்கரங்கள் கொண்ட வண்டி. உடன் வந்தோர் முப்பதுக்கும் மேற்பட்டோர். வழியில் மின்கம்பிகளை அகற்றியும், மரங்களை வெட்டியும், பாலங்களைச் சோதித்தும், இடையே கொரோனா ஊரடங்கில் தங்கியும், நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து கிலோமீட்டர் அளவே நகர்ந்து வந்தனர். பத்திரிகைகள் ஓராண்டுப் பிரயாணம் என்று வியந்தன. வியப்பு அந்த ஓராண்டில் இல்லை என்பது என் கருத்து. எழுபது டன்னுக்கு அவ்வளவு கவனம் செலுத்தத் தெரிந்த நமக்கு, அதே சாலையில் அன்றாடம் ஓடும் பத்து டன்னுக்கு இரண்டு கயிறு போதுமென்று தோன்றுகிறதே, அதில் இருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எடையை அளக்க எடைமேடை இருக்கிறது. கட்டை அளக்க எந்த மேடையும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அளவுக்கு மேல் எடை ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. பாரம் லாரியின் பக்கங்களிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் மட்டுமன்று, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் சட்டத்தின் முன் குற்றவாளிகளே. ஆயினும், எல்லைக்குள் அடங்கி, எடையும் சரியாக இருந்து, அடியில் மணலும் மேலே நைந்த கயிறுமாக வரும் பாரத்தை எந்தச் சாவடியும் கண்டுபிடிப்பதில்லை.

அதுபோகட்டும், சாவடிகளே குறைந்துவிட்டன. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், கேரள எல்லையிலிருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. அமரவிளையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த துன்பம் ஒழிந்தது, மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் காத்திருப்பில், லாரியைச் சுற்றி வந்து கயிற்றைத் தொட்டுப் பார்க்கவாவது ஓட்டுநருக்குப் பொழுது இருந்தது. இன்று ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை ஒரே ஓட்டம்.

பாரம் ஏற்றுபவர் ஒருவர், கட்டுபவர் மற்றொருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டிலும் தீங்கு உண்டு. கேரளத்தில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கேட்கப்பட்ட ‘நோக்குக்கூலி’ 2018 மே முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டது. சரியான தடையே. எனினும் கட்டி முடித்த பாரத்தைச் சுற்றி வந்து நோக்கும் ஒருவருக்கு மட்டும் கூலி கொடுத்தால் தவறில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பதிவு அலுவலகத்தில் பணிபுரியும் அன்பர்கள், ரசீது எழுதுமுன் ஐந்து நிமிடம் கீழே இறங்கி வந்து பாரத்தைப் பார்க்கலாம். வேலை மாற்றத்தில் வீட்டுச் சாமான்களை வேறூருக்கு அனுப்பும் குடும்பத்தாரும் பார்க்கலாம்: பீரோவும் குளிர்சாதனப் பெட்டியும் முன்சுவரை ஒட்டி நிற்கின்றனவா, இடைவெளிகளில் மெத்தையும் தலையணையும் திணிக்கப்பட்டுள்ளனவா, மேலே ஏற்றிய சைக்கிள் தனியாகக் கட்டப்பட்டுள்ளதா என்று. ஸ்கூட்டரில் செல்வோர் பாரம் ஏற்றிய லாரியின் பின்னே ஒட்டிச் செல்லலாகாது. கம்பியோ கல்லோ ஏற்றியதாயின் பக்கத்திலும் நெடுநேரம் உடன் ஓடலாகாது.

ஓட்டுநர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கூறி முடிக்கிறேன். பாரம் புறப்பட்ட சிறிது தூரத்திலேயே அதிர்ந்து படிந்து அமரும். அமர்ந்தவுடன் கட்டுத் தளரும். அமெரிக்க விதி, முதல் 80 கிலோமீட்டருக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. பின்னர் 3 மணி நேரத்திற்கொரு முறையோ 240 கிலோமீட்டருக்கொரு முறையோ, எது முந்துகிறதோ அப்போது. திருநெல்வேலியில் ஏற்றிய பாரத்திற்கு அந்த எல்லை நாகர்கோவிலுக்குள் வந்துவிடும். ஆரல்வாய்மொழியில், காற்றாலைகள் சுழலும் அந்தப் பெருங்காற்றில், தேநீர் அருந்த லாரியை நிறுத்துகிறோம். கடைக்குள் நுழையுமுன் வண்டியை ஒருமுறை வலம் வந்து, ஒவ்வொரு நாடாவையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். இறுகிய நாடா தம்புராத் தந்தியைப் போல் அதிரும். தளர்ந்தது ஓசையின்றித் தொய்யும். தொய்ந்ததைக் கைப்பிடியில் இரண்டு பல் இறுக்கிவிட்டு, அதன் பின் தேநீர் கேட்கலாம்.